ஆறு மணிப் படம்

பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கும் போனிலிருந்து அவளுடைய படம் போயிருந்தது.

பள்ளிக்கூடம் விட்டதும் வாசலில் வைத்துத் தோழி வாலுதான் சொன்னாள். "நேத்து நீ போட்ட படம் செமடி! ஆனா ஏன் அவ்ளோ இருட்டுல எடுத்தே?"

அம்மா போனைப் பிடுங்கிப் பூட்டி மூன்று நாளாகிறது. "பரீட்சை முடியிற வரைக்கும் அந்தச் சனியன் உள்ளயே கிடக்கட்டும்" என்று சாவிக்கொத்தை இடுப்பில் செருகியவள், அதை இறக்கவே இல்லை. சார்ஜும் அன்றைக்கே செத்திருக்கும்.

வாலு தன் போனை நீட்டினாள். மூன்று நாளுக்கும் மூன்று படங்கள். அவள் முகமேதான், மூன்றிலும் மயிரிழை மாறாத ஒரே சிரிப்பு. பின்னால் அம்மாவின் துணிகள் தொங்கிக்கொண்டிருந்தன.

யாரிடம் போய்ச் சொல்வாள்? ஐந்து தோழிகள் மட்டும் இருக்கும் போன் குழு அது. தினமும் மாலை ஆறு மணிக்குள் ஆளுக்கொரு படம், நானூறு நாளாக. காய்ச்சலில் ஒரே ஒரு நாள் விட்டாள் நெட்டை. மறுநாளிலிருந்து நெட்டை யார் கண்ணுக்கும் தெரியவில்லை. அடுத்த பெஞ்சில் உட்கார்ந்து விசும்பி அழுதபோதும் தெரியவில்லை. திரும்பிப் பார்க்காதவர்களில் இவளும் ஒருத்தி. எவளோ அனுப்பித் தொலைக்கட்டும், விட்டுப்போகாமல் இருந்தால் சரி. அப்படி நினைக்க வெட்கமாக இருந்தாலும் அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

வீட்டில் அம்மாவின் தையல் மெஷின் கடகடத்துக்கொண்டிருந்தது. மகளுக்காகத் தைக்கும் நீல கவுன் விளிம்பெல்லாம் ஊசியோடு நாற்காலியில் கிடந்தது. ஐந்தே முக்காலுக்கு மெஷின் நின்றது. "மாடி வீட்டு அக்காவுக்குத் துணியைக் குடுத்துட்டு வந்துடறேன். புத்தகத்தை எடு" என்று அம்மா படியேறிப் போனாள்.

மெஷின் எண்ணெயின் வாசனையும் பீரோ இடுக்கிலிருந்து வரும் அந்துருண்டை நெடியும் மட்டும் மிஞ்சிய அறையில், கடிகாரம் ஒவ்வொரு நொடியையும் அவள் மண்டைக்குள் அடித்துக்கொண்டிருந்தது. ஐந்து ஐம்பத்தைந்து. அவள் சாவித்துவாரத்தில் வாயை வைத்தாள்.

"இன்னிக்கும் அனுப்பிடேன். ப்ளீஸ்."

உள்ளே துணிகள் சரசரத்தன. யாரோ ஒதுக்கிவிட்டு முன்னால் வரும் சத்தம்.

"இங்க வெளிச்சம் போதலடி." அவளுடைய குரல். "சாவி மெஷின் மேல இருக்கு."

இருந்தது.

ஐந்து ஐம்பத்தெட்டு. ஓடிவிடலாம். ஆனால் நெட்டையின் பெஞ்ச் கண்முன்னால் வந்து நின்றது. அவள் சாவியைத் திருப்பினாள். உள்ளிருந்து ஒரு குளிர்ந்த கை மணிக்கட்டைப் பிடித்து இழுத்தது.

இருட்டு. அந்துருண்டை. கன்னத்தில் அம்மாவின் துணி. கதவை அறைந்தாள். சத்தம் வரவில்லை. அம்மா, அம்மா என்று அலறினாள். அதுவும் வரவில்லை.

வெளியே செருப்புச் சத்தம். "அடியே, ஊசியைக்கூட எடுக்கல, அதுக்குள்ள கவுனை மாட்டிக்கிட்டியா? அசையாம நில்லு."

"சரிம்மா" என்றது அவள் குரல்.

காலடியில் போன் ஒளிர்ந்தது. வாலுவின் செய்தி. 'இன்னிக்குதான்டி வெளிச்சம் சூப்பர்!'

அவள் சாவித்துவாரத்தில் கண்ணை வைத்தாள். அம்மா மண்டியிட்டு ஊசிகளை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டிருந்தாள். ஒன்று கைதவறி, கவுன் போட்டு நின்றதன் முழங்காலில் ஆழமாக இறங்கியது. ரத்தம் வரவில்லை.

"ஐயோ, வலிக்கலையாடி?" அம்மா பதறி நிமிர்ந்தாள்.

அது அம்மாவைப் பார்க்கவில்லை. சாவித்துவாரத்தையே பார்த்துக்கொண்டு, அதே சிரிப்பைச் சிரித்துக்கொண்டிருந்தது.