பெயர் சொல்லாத வாசல்

அன்றைக்கும் கதவிலிருந்த சான்றுக்கண் சிவப்பாகத்தான் எரிந்தது. வந்திருப்பவரின் அடையாளச் சான்று இந்த வீட்டுக்குரியதல்ல என்று கதவு எச்சரித்தது. சண்முகவடிவு வழக்கம்போல் ‘பரவாயில்லை’ பொத்தானை அழுத்தி உள்ளே விட்டாள். பொத்தான் என்று ஒன்று இருந்தால் அழுத்தத்தானே செய்வோம்?

வந்தது பொதுமெய். ஆழ்கடல் சுரங்கத்துக்குப் போன ஆண்கள் ஊர் திரும்ப வருடக்கணக்காகும் என்பதால், தெருவுக்கு ஓர் இயந்திர உடலை நிறுவனம் கொடுத்திருந்தது. கடலடியில் இருந்தபடியே அவரவர் முறைக்கு அதற்குள் இறங்கி, வீட்டில் சற்று நேரம் இருந்துவிட்டுப் போகலாம். முகமும் குரலும் எல்லோருக்கும் ஒன்றுதான். அவர்களுக்கும் வீட்டு மனிதர்கள் கலங்கலாகத்தான் தெரிவார்கள். ஆள் யாரென்று சொல்வது சான்று மட்டுமே.

வடிவை உறுத்தியது சிவப்பு விளக்கு அல்ல. மனுஷன் துணி மடித்தார். அவளுடைய தம்பியைத் திட்டவில்லை. அவள் பேசி முடிக்கும்வரை வாயே திறக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் புருஷன் ஐயம்பெருமாள் ஒருநாளும் அப்படி இருந்ததில்லை. ஒரு மாதமாக வீட்டு விஷயத்தையெல்லாம் யாரிடம் கொட்டிக்கொண்டிருந்தாள்?

நிறுவனத்திலிருந்து சான்றுப் பழுது பார்க்கும் ரெஜினா வந்தாள். சான்று காலாவதியாகவில்லை, கடிகாரமும் சரி, எல்லாம் சரி. கடைசியில், பொதுமெய் வந்ததும் எப்படிக் கூப்பிடுவீர்கள் என்று கேட்டாள்.

“‘என்னங்க, வாங்க’ன்னுதான்.”

“பேரு?”

“அவுக பேர நான் எப்படிச் சொல்ல?”

ரெஜினா தலையில் கைவைத்துக்கொண்டாள். ஓர் உடலில் பல பேர் குடியிருக்கும்போது, வாசலில் சொல்லும் பெயரை வைத்துத்தான் அது ஆளை இறக்கும். பெயரே சொல்லாவிட்டால் முதலில் பதிந்தவரை இறக்கிவிடும். இந்தத் தெருவில் முதலில் பதிந்தவர் கடைசி வீட்டுப் பூபாலராயர், மனைவியை இழந்தவர். யாரோ கூப்பிடுகிறார்களே என்று வந்திருக்கிறார், பாவம் என்றாள் ரெஜினா. பாவமா, திருட்டுத்தனமா என்று வடிவுக்கு விளங்கவில்லை. பக்கத்து வீடுகளிலும் சிவப்புதான் எரிகிறதா என்று கேட்டதற்கு ரெஜினா கருவிப்பெட்டியை மூடிக்கொண்டு எழுந்தாள்.

மறுநாள் ரெஜினா துணைக்கு நிற்க, வடிவு கண்ணை இறுக மூடிக்கொண்டு “ஐயம்பெருமாள்” என்றாள். உடம்பெல்லாம் கூசியது. சான்றுக்கண் பச்சையாக எரிந்தது. அழுகை வந்துவிட்டது அவளுக்கு. கதவை அகலத் திறந்தாள்.

அவர் உள்ளே வரவில்லை. தன் முறை வந்தும் யாரும் கூப்பிடாமல் மாதம் முழுக்கக் காத்துக் கிடந்ததையும், தன் வீட்டுக்குள் வேறொருவர் போய்வந்ததாக நிறுவனம் இன்று காலையில் தெரிவித்ததையும் சொன்னார். குரலில் கோபத்தைவிடச் சந்தேகம்தான் அதிகம்.

“எம் பொண்டாட்டி இன்னொருத்தன நான்னு நம்பி ஒரு மாசம் உள்ள விட்டிருக்க மாட்டா. எம் பேர வாயால சொல்லவும் மாட்டா. எனக்குப் பச்சை எரியுது. நீ யாருன்னு எனக்கு எது எரியும்?”

வடிவு ரெஜினாவைப் பார்த்தாள். கதவைத் திறப்பவருக்குச் சான்று கொடுக்கும் ஏற்பாடு நிறுவனத்தில் இல்லை என்று ரெஜினா மெல்லச் சொன்னாள்.

தன் முறை முடியும்வரை ஐயம்பெருமாள் வாசலிலேயே நின்றார்.