ஏழாம் வளைவுக்குப் பின் சாலை முடிவதில்லை

மூடி வைத்த புகார் ஒன்று தானாகத் திறந்துகொண்டிருந்தது.

முதலில் அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கார்ப் பந்தய விளையாட்டு வெளிவந்து எட்டு மாதம் ஆகிறது. அதை உருவாக்கிய பதினான்கு பேரும் அடுத்த விளையாட்டைச் செய்ய மேல்மாடிக்குப் போய்விட்டார்கள். கீழே மிஞ்சியது ஏசியின் உறுமல், அடியில் கறை காய்ந்த காபிக் கோப்பைகள், சூடேறிய வயர்களின் லேசான தீய்ந்த வாசனை, ஆட்டக்காரர்களுக்குப் பதில் எழுத அவன் ஒருவன். குறையைச் சரிசெய்ய அவனுக்குத் தெரியாது. சரியாகிவிடும் என்று எழுதத் தெரியும். எந்தப் பதிலையும் 'விரைவில்' என்றே முடிப்பதால் ஆட்டக்காரர்கள் அவனுக்கு 'விரைவில் அண்ணன்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அதை வீட்டில் போய்ப் பெருமையாகச் சொன்னதுதான் தப்பு. மனைவி இப்போதெல்லாம் குப்பையைக் கொண்டுபோய்ப் போடச் சொல்லும்போதும் "விரைவில் வேண்டாம், இப்பவே" என்கிறாள்.

தொழிலில் அவனுக்கென்று ஒரு நுணுக்கம் உண்டு. ஆட்டக்காரரிடமிருந்து மூன்று நாள் மறுமொழி வராவிட்டால் கணினியே புகாரை மூடிவிடும். ஆகவே வெள்ளிக்கிழமை மாலையில் ஆட்டக்காரரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: உங்கள் இணைய வயர் இறுக்கமாக உள்ளதா? சனி, ஞாயிறு யாரும் பார்க்கமாட்டார்கள். திங்கள் மாலை புகார் போயே போய்விடும். ஒரு புகாரையும் அவன் சோதித்துப் பார்த்ததில்லை. 'எங்களால் அந்தக் குறையை மீண்டும் நிகழ்த்த முடியவில்லை' என்று மட்டும் எழுதுவான். அதில் பொய் ஒன்றும் இல்லை, முயன்றால்தானே முடியும்.

அப்படி மூடிய புகாரை வெளியிலிருந்து யாரும் திறக்க முடியாது. இது திறந்திருந்தது. அனுப்பியவர் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. உள்ளே ஒரே வரி.

'டயர் கடை மறுபடியும் வருகிறது.'

ஏழாம் வளைவு. விளையாட்டின் ஒரு பந்தயப் பாதையில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் குறை சொன்ன இடம். அந்தப் பாதையை வடிவமைத்தவர்கள் மகா சோம்பேறிகள். ஒரு வேனின் தலையில் கேமராவைக் கட்டி, அலுவலகத்துக்கு வெளியே ஓடும் வெளிவட்டச் சாலையையே படம் பிடித்து அப்படியே உள்ளே போட்டிருந்தார்கள். தண்ணீர்த் தொட்டி, விளக்குக் கம்பங்கள், வாசலில் கறுப்பு மலையாய் டயர் குவித்த கடை, எல்லாம் அதே. ஏழாம் வளைவைத் தாண்டினால் சில பேருக்கு மட்டும் சாலை முடிவதில்லை, பிரேக் பிடிப்பதில்லை என்பதுதான் குறை. சரிசெய்யுங்கள் என்று கெஞ்சினார்கள், திட்டினார்கள். மேல்மாடி யோசித்துப் பாதையையே அழித்துவிட முடிவு செய்தது. அறிவிப்பை எழுதியது அவன்தான். 'நீங்கள் கேட்டீர்கள், நாங்கள் செவிசாய்த்தோம். இன்று மாலை ஏழு மணிக்குப் பாதை நீக்கப்படும்.' கூடவே ஒரு சிரித்த முகமும் போட்டிருந்தான்.

மணி ஆறு இருபது. மனைவி ஆறு மணிக்கே வந்து அவனைக் காரில் ஏற்றிப் போயிருக்க வேண்டும். கைபேசி ஒலித்தது.

"ஏங்க, கீழ இறங்கிட்டீங்களா?"

"நீ வந்தா இறங்குறேன். எங்க இருக்க?"

"வெளிவட்டச் சாலைலதான். டயர் கடை தாண்டிட்டேன்."

"அப்ப ரெண்டு நிமிஷம்."

"அப்படித்தான் நானும் நெனச்சேன்." எஞ்சின் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தினாள். "நாலு தடவ தாண்டிட்டேங்க."

"கடைக்காரன் மேல அவ்வளவு பிரியமா?"

அவள் சிரிக்கவில்லை. அவள் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பவள். ஊசியைக் கண்டு மயங்குகிற ஆட்களைப் பேச்சிலேயே நிமிர்த்தி உட்கார வைப்பவள். அந்தக் குரல் இப்போது நடுங்கியது.

"ஓரமா நிறுத்தும்மா."

"பிரேக்க மிதிச்சுப் பாத்துட்டேன். கேக்க மாட்டேங்குது. வேகமும் ஏறல, குறையவும் இல்ல. அது பாட்டுக்குப் போயிட்டே இருக்கு."

இந்த வரிகளை அவன் படித்திருக்கிறான். முந்நூற்றுப் பன்னிரண்டு தடவை. அவனைக் கேட்காமலே வாய் பதில் சொன்னது.

"பாத்துக்கிட்டிருக்கோம்."

"யாரு பாத்துக்கிட்டிருக்கீங்க?" என்றாள் அவள்.

அவன் கைபேசியைக் காதில் அழுத்திக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினான். கீழே மங்கிய வெளிச்சத்தில் வெளிவட்டச் சாலை கிடந்தது. லாரிகள், பேருந்துகள், வீடு திரும்பும் கார்கள். டயர் கடை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கடைக்காரர் வாசலில் நின்று பல் குத்திக்கொண்டிருந்தார்.

"இப்ப எங்க இருக்க?"

"கடைக்கு முன்னாடிதான். இதோ, இப்பத் தாண்டுறேன். கடை திறந்திருக்கு. ஆள் யாரும் இல்ல."

அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். அவளுடைய நீல வண்டி மட்டும் அந்தச் சாலையில் இல்லை.

"பயப்படாத. ஃபோன வெச்சிடாத. ரெண்டு நிமிஷம் லைன்லயே இரு."

மேல்மாடிக்குப் படியேறினான். கண்ணாடிக் கதவு அவன் அட்டைக்குத் திறக்கவில்லை. உள்ளே இருட்டு. தட்டினான். உதைத்தான். திரும்பி இறங்கி ஓடிவந்து, மூடிய புகார்களை ஒவ்வொன்றாகத் திறந்தான். விரல் நுனி வியர்த்து மவுஸ் வழுக்கியது. முடிவதில்லை. நிற்பதில்லை. தயவுசெய்து யாராவது. ஐந்து மாதத்துக்கு முந்தைய புகார் ஒன்றில் மட்டும் வேறு மாதிரி எழுதியிருந்தது: 'பின்னால் வந்தவன் என் வண்டியை இடித்தான். அப்போதுதான் நின்றது, வெளியே வந்தேன்.'

அதற்குக் கீழே அவனுடைய பதில். வயர் இறுக்கமாக உள்ளதா?

ஆறு நாற்பது. மேசைத் தொலைபேசியில் பூனையைக் கூப்பிட்டான். பூனை என்பது பட்டப்பெயர்; மேல்மாடிக்குப் போனவர்களில் இந்த விளையாட்டையும் கவனிக்கச் சொல்லியிருந்த ஒரே நிரலாளர். வருவதும் தெரியாது, போவதும் தெரியாது.

"சொல்லுங்கண்ணே, பஸ்ல இருக்கேன்."

"ஏழு மணிக்கு அந்தப் பாதைய அழிக்கறத நிறுத்துடா."

"அது தானா நடந்துடும்ணே. நிறுத்தணும்னா மேல கேக்கணும். ஒரு புகார் போட்டு வைங்க, காலைல வந்து..."

"என் பொண்டாட்டி உள்ள இருக்காடா."

பேருந்தில் யாரோ சில்லறை கேட்கும் சத்தம் வந்தது.

"அண்ணே, நீங்க சரியாத் தூங்கறதில்லபோல."

"டேய், உன் கால்ல விழறேன்டா."

"சரிண்ணே. பாக்கறேன்ணே."

அந்த 'பாக்கறேன்' எவ்வளவு கனம் என்று அவனைவிட யாருக்குத் தெரியும். அச்சு வார்த்துக் கொடுத்தவனே அவன்தான்.

ஆறு நாற்பத்தெட்டு. விளையாட்டைத் திறந்தான். எட்டு மாதம் அதைப் பற்றி எழுதியவன், மூன்றாம் வளைவைத் தாண்டி ஒருநாளும் ஓட்டியதில்லை. முதல் வளைவில் சுவரில் மோதினான். இரண்டாவதில் வேலியில் உரசினான். கைபேசியை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்திருந்தான். அவள் மெல்லிய குரலில் எதையோ எண்ணிக்கொண்டிருந்தாள். கம்பங்களை. அவன் வளைவுகளை எண்ணினான். ஐந்து. ஆறு. ஏழாம் வளைவு.

தண்ணீர்த் தொட்டி. டயர் கடை. ஆள் இல்லை.

தண்ணீர்த் தொட்டி. டயர் கடை.

தூரத்தில் இரண்டு சிவப்பு விளக்குகள். இடப்பக்க விளக்கு மங்கல். அந்த பல்பை மாற்றித் தருவதாக அவன் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"ஏங்க," என்றது கைபேசி. "பின்னால ஒரு வண்டி வருது."

"அது நான்தான்."

"என்னது?"

"நான்தான்மா. மெதுவா இடிக்கப் போறேன். இடிச்சா நின்னுடும். ஸ்டியரிங்க நேராப் புடிச்சிக்க."

"நீங்க ஆபீஸ்லதான இருக்கீங்க."

"ஆமா."

"அப்புறம் எப்படி..."

விளக்கிச் சொல்ல நேரமில்லை. ஆறு ஐம்பத்தைந்து. அவன் அழுத்தினான். வண்டி பாய்ந்தது. குறி தப்பியது. அவளுக்குப் பின்னால் போக வேண்டியவன் வழுக்கிக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்தான். திரையில் அவள் ஜன்னல். அதற்குள் அவள். வேலையிலிருந்து வரும் அதே வெள்ளைக் கோட்டு. கலைந்த முடி. அவள் தலை மெல்லத் திரும்பி, திரைக்கு வெளியே இருந்த அவனைப் பார்த்தது.

"பக்கத்துல வந்துட்டான்," அவள் குரல் கிசுகிசுத்தது. "ஏங்க. உள்ள உக்காந்திருக்கறவனுக்கு மூஞ்சி இல்ல."

ஓட்டுநர்களுக்கு முகம் வரைய நேரமில்லாமல்தான் விளையாட்டை வெளியிட்டிருந்தார்கள். அதற்கும் புகார் வந்தது. விரைவில் என்று எழுதியிருந்தான்.

"அது நான்தான்மா. வரையல, அவ்வளவுதான். என்ன நம்பு. வளைக்காத."

அவள் வளைத்தாள்.

அவன் பின்தங்கினான். மறுபடி நெருங்கினான். அவள் இந்தப் பக்கம். அவன் இந்தப் பக்கம். அவள் அந்தப் பக்கம்.

"வேண்டாம்." அவள் இப்போது அவனிடம் பேசவில்லை. அந்த வண்டியிடம் பேசினாள். "கிட்ட வராத. டேய், வராதடா."

பதினோரு வருடத்தில் அவள் அவனை அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

ஆறு ஐம்பத்தொன்பது. தண்ணீர்த் தொட்டி. டயர் கடை. மங்கிய பல்பு. ஒரு கை தூரம். ஒரு சாண்.

திரை வெளுத்தது.

'பாதை நீக்கப்பட்டது. உங்கள் பொறுமைக்கு நன்றி.'

அழைப்பு துண்டிக்கப்படவில்லை. அவன் கைபேசியை இரண்டு கைகளாலும் எடுத்தான்.

"போயிட்டான்," என்றாள். மூச்சு வாங்கியது. "ஏங்க, அவன் போயிட்டான்."

"வண்டி நின்னுடுச்சா? நின்னுடுச்சாம்மா?"

"டயர் கடையும் போயிடுச்சு. கம்பமெல்லாம் போயிடுச்சு."

"வண்டி?"

ஜன்னல் கண்ணாடியை இறக்கும் சத்தம் கேட்டது.

"ரோடு இல்லங்க," என்றாள் அவள். "ஆனா வண்டி ஓடிட்டிருக்கு."

எஞ்சின் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. ஒரு குழி இல்லை, ஒரு மேடு இல்லை. டயர் எதையும் தொடும் சத்தம் இல்லை.