கரையில் நின்ற பன்னிரண்டு பேர்

ஒத்திகைக்கு நடுவே பாட்டுக்குழு சாப்பிடப் போய்க் கால்மணி நேரம் ஆகிவிட்டது. ஆனாலும் மேடையில் தனியாக நின்ற கிளியோத்தா, காகிதத்தைப் பார்த்து முதல் பெயரைக் கூப்பிட்டதும் பதில் வந்தது.

"இங்கதான் இருக்கேன்."

கீழே பியானோ வாசித்துக்கொண்டிருந்த வெர்லீன் சட்டென்று கையை எடுத்தாள். பகல் இரண்டு மணி. அரங்கின் கதவுகள் வெயிலுக்காகச் சாத்தியிருந்தன. குழுவின் பன்னிரண்டு ஆண்களும் வெளியே மரத்தடியில் பொரித்த மீனைத் தின்றுகொண்டு சிரிப்பது இங்குவரை கேட்டது.

"டேப்பு போட்டுட்டியா? கட்டின புருஷன்கிட்டயே வேலையக் காட்டுறியே!" என்று கிளியோத்தா சிரித்தான்.

"டேப்பாவது, ஒண்ணாவது. மைக்குல ஏதோ கோளாறு. அடுத்த பேரைக் கூப்பிடு."

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழாம் வருஷ வெள்ளத்தில், கரையை உயர்த்தத் துப்பாக்கி முனையில் மண்மூட்டை சுமக்க வைக்கப்பட்ட கறுப்பினத்தவர் பன்னிரண்டு பேர், மிசிசிப்பி ஆற்றின் கரை உடைந்தபோது அதோடு அடித்துச் செல்லப்பட்டார்கள். உடல்கள் கிடைக்கவில்லை. வருஷாவருஷம் தேவாலயச் சபையில் அவர்கள் பெயர்களை வாசிப்பார்கள். ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். வெர்லீன் தன் இசை நாடகத்தில் அந்த மௌனத்தை எடுத்துவிட்டு, ஒவ்வொரு பெயருக்கும் குழு 'இங்கதான் இருக்கேன்' என்று பதில் பாடுவதாக எழுதியிருந்தாள்.

"செத்தவங்க பேருக்கு நாம பதில் சொல்றதில்லையே" என்று கிளியோத்தா முதல் நாளே முனகினான்.

"இது சபை இல்ல, மேடை. சும்மா நின்னா சனங்க கொட்டாவி விடும்" என்று அவன் வாயை அடைத்தவள் அவள்தான்.

இரண்டாவது பெயருக்குப் பதில் மேடைப் பலகைகளுக்கு அடியிலிருந்து வந்தது, கரகரத்து, தாளம் மட்டும் பிசகாமல். அதோடு ஆற்றுச் சேறும் நனைந்த சாக்கும் நாள்பட்ட வியர்வையும் கலந்த ஒரு வாடை எழுந்து, மெல்ல மெல்லப் பியானோவரை வந்தது. மூன்றாவது பெயரைக் கூப்பிட்டபோது கிளியோத்தா சிரிக்கவில்லை. நான்காவதற்கு அவன் காகிதத்தையே பார்க்கவில்லை.

"போதும், இறங்கி வா!"

அவன் தலையை ஆட்டினான். வாய் மட்டும் நிற்கவில்லை. ஐந்து. ஆறு. அவனுடைய கால்சட்டை முழங்கால்வரை நனைந்து கறுத்தது. பிறகு இடுப்புவரை. பலகையோ காய்ந்தே கிடந்தது. வெளியே சிரிப்புச் சத்தம் எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அவள் ஓடிப்போய் மேடை விளிம்பில் முட்டிபோட்டு ஏறி அவன் கையைப் பிடித்து இழுத்தாள். கை சில்லிட்டிருந்தது. அசையவில்லை. இந்த மனுஷன் இல்லாமல் தான் என்ன செய்வது என்ற ஒரே நினைப்போடு மறுபடி இழுத்தாள்.

பத்து. பதினொன்று. பன்னிரண்டு.

"இங்கதான் இருக்கேன்."

அவ்வளவுதான். முடிந்தது. அவள் மூச்சு விட்டாள்.

கிளியோத்தா அவளைப் பார்த்தான். இருட்டில் கை துழாவும் குழந்தையைப்போலக் கூப்பிட்டான்.

"வெர்லீன்?"

இருபத்தாறு வருஷமாக அவன் கூப்பிட்டு அவள் சும்மா இருந்ததில்லை.

"இங்கதான் இருக்கேன், பயப்படாதே."

சொன்ன பிறகுதான் அவனுக்குப் பின்னால் நின்றவர்களைப் பார்த்தாள். நெஞ்சுவரை நனைந்த பன்னிரண்டு பேர். வரிசையாக. அவர்கள் நெருங்கி நின்று, நடுவில் இரண்டு பேருக்கு இடம் விட்டார்கள். ஒருவன் தோளிலிருந்து மண்மூட்டையை இறக்கி அவளிடம் நீட்டினான்.