ஆறப்போட்ட துணி

திருப்பூரில் களைப்பு என்று ஒன்று கிடையாது. இது தரணீதரனின் கண்டுபிடிப்பு. பெருங்குடல் முழுக்கப் புண்ணாகி, ஒன்றரை வருடம் கட்டிலுக்கும் கழிப்பறைக்கும் நடுவே குடித்தனம் நடத்தி, கோவையில் மூன்றாவது டாக்டரின் ஊசியில் ஒருவழியாக ரத்தப்போக்கு நின்று, அப்பாவின் பனியன் கம்பெனிக்குத் திரும்பி வந்த அன்றே, கட்டிங் டேபிள் முன்னால் எல்லோரையும் கூட்டிவைத்து இதை அறிவித்தான். நோய் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். அதற்கு ரிப்போர்ட் இருக்கிறது, குழாய் விட்டு எடுத்த ஃபோட்டோகூட இருக்கிறது. களைப்புக்கு ஃபோட்டோ உண்டா? எந்த லேபில் எடுத்தார்கள்? ரத்தம் சரி, இரும்புச்சத்து சரி, தைராய்டு சரி. ஆகவே களைப்பு என்பது உட்கார ஆசைப்பட்டவர்கள் கிளப்பிவிட்ட வதந்தி. சொன்ன கையோடு செக்கிங் பகுதியில் இருந்த ஸ்டூல்களையெல்லாம் மொட்டை மாடிக்கு ஏற்றச் சொன்னான். ஏற்றியவர்கள் களைத்துப் போனதை யாரும் குறிப்பிடவில்லை.

இந்த வீராப்புக்குக் காரணம் இருந்தது. அப்பா ஆத்தப்பன் முதல் நாளே சொல்லிவிட்டார்.

"ஏங்கண்ணு, இந்த ஆர்டர் கன்டெய்னர் ஏறுற வரைக்கும் படுக்காம நின்னு பாத்தீன்னா கம்பெனி உன்னுது. முடியலீன்னா சொல்லீரு, மாப்பிள்ள பாத்துக்கட்டும். ஒண்ணும் தப்பில்ல சாமி."

ஒன்றும் தப்பில்லை என்று அவர் சொன்ன விதத்தில்தான் அத்தனை தப்பும் இருந்தது. மாப்பிள்ளை என்பது அக்காவின் கணவர் மகுடேஸ்வரன். தரணீதரனின் அறைக்கு வந்து சோஃபா போட இடம் காணுமா என்று கண்ணாலேயே அளக்கிறவர். தினமும் காலையில் தோளைத் தட்டி, "மாப்ள, பாத்தா நல்லாத்தான இருக்கறீங்க!" என்பார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவரை டையிங் தொட்டியில் அமுக்கலாம் என்று தோன்றும்.

ஏனென்றால் தரணீதரன் நல்லா இல்லை. புண் ஆறியிருந்தது. உடம்பு ஆறவில்லை. அந்த அசதி வெறும் தூக்கம் இல்லை. தூங்கி எழுந்தால்தான் இன்னும் மோசம். வேலைக்குப் பின் வரும் அலுப்பும் இல்லை. பல் துலக்கவே இரண்டு முறை சுவரைப் பிடிக்கவேண்டி இருந்தது. குடல் அடங்கிய பிறகும் பலருக்கு இந்த அசதி விடாது என்று டாக்டர் சொன்னார், சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார். இளநி குடி என்றாள் அம்மா. வாக்கிங் போ என்றாள் அக்கா. நடக்க முடியாதவனுக்கு நடந்தால் சரியாகும் என்பது என்ன வைத்தியம் என்று கத்தத் தோன்றியது, கத்தவும் தெம்பில்லை. யாரும் பார்க்காதபோது கழிப்பறைக் கதவில் சாய்ந்து கண்ணை மூடி நிற்பான். நின்றபடி சாய்வது படுப்பதில் சேராது என்பது அவன் இயற்றிய சட்டம்.

கம்பெனியில் படுத்திருக்க உரிமை பெற்றது துணி மட்டும்தான். டையிங்கிலிருந்து பின்னல் துணி ரோலாக, இழுபட்டு விறைத்து வரும். அதைப் பிரித்து, பின்கட்டு அறையில் மரத்தட்டுகளில் மடிப்பு மடிப்பாகப் போட்டு, ஒரு நாள் முழுக்கத் தொடாமல் ஆற விட வேண்டும். அப்போதுதான் இழுப்பு போய்த் தன் அளவுக்குத் திரும்பும். அவசரப்பட்டு வெட்டினால் முதல் துவையலிலேயே பெரியவர் பனியன் பேரனுக்குப் பொருந்தும். அதனால் அந்த அறையில் சத்தம்கூடக் குறைவு. ஜன்னலுக்கு அட்டை அடித்திருக்கும். உள்ளே சாஃப்ட்னர் வாசனையும் வெந்த பருத்தியின் மணமும், இரண்டுக்கும் அடியில், ஆள் எழுந்துபோன படுக்கையின் லேசான சூடும் இருக்கும்.

அங்கேதான் ஒரு மதியம் சித்ரகலாவைப் பிடித்தான். செக்கிங்கில் இருப்பவள். அவளுக்கும் அதே நோய். கோவையில் அதே டாக்டரின் வரிசையில் ஒருவரை ஒருவர் பார்த்து, பார்க்காதது போல முகம் திருப்பிக்கொண்டவர்கள். கீழ்த்தட்டில், வெள்ளைத் துணி மேல், கன்னத்தைக் கையில் வைத்து ஒருக்களித்துக் கிடந்தாள்.

"ஆறோணும்னு துணியப் போட்டாங்க. நீங்க ஏனுங்க ஆறுறீங்க?"

"அஞ்சு நிமிசங்க சார். முடியலீங்க."

"எனக்கும் இதே நோவுதானுங்க. நா நிக்கறனில்ல?"

அவள் எழவில்லை. கண்ணை மட்டும் திறந்தாள். "நீங்களா நிக்கறீங்களா சார், இல்ல ஆராச்சும் நிக்க வெச்சிருக்காங்களா?"

அது சுருக்கென்று குத்தியது. வாசலுக்கு வந்து, எல்லோருக்கும் கேட்கும்படி கட்டிங் மாஸ்டர் கன்னையனைக் கூப்பிட்டான். "மாஸ்டருங்க, கீழ்த்தட்டுல ஒரு ஆள் நல்லா ஆறிக்கிட்டிருக்கறாங்க. நாளைக்குத் துணியோட சேத்து டேபிளுக்கு எடுத்துக்கங்க!"

பவர் டேபிள் தையல் மிஷின்கள் ஒரு நொடி நின்று, மொத்தக் கம்பெனியும் சிரித்தது. கன்னையன் சிரிக்கவில்லை. ஆனால் அவர் எதற்கும் சிரிப்பவர் இல்லை.

மறுநாள் சித்ரகலா நின்றாள்.

எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றாள். கை துணியில் பறந்தது. நூல் பிசிறு, ஓட்டை, எண்ணெய்க் கறை, எதுவும் அவளிடம் தப்பவில்லை. தண்ணீர் குடிக்கவில்லை. சோற்று டப்பா திறக்கவில்லை. கழிப்பறைப் பக்கம் திரும்பவேயில்லை. இதைத் தரணீதரனைத் தவிர யாரும் கவனித்திருக்க மாட்டார்கள், ஏனென்றால் கழிப்பறைக்கு எத்தனை எட்டு என்று கணக்கு வைத்திருக்கும் சாதி அவர்கள் இருவர்தான்.

"இப்ப அசதி எப்பிடிங்க இருக்குது?" என்றான்.

"எதுங்க சார்?" என்றாள் அவள். முகத்தில் கேலி இல்லை. அந்தச் சொல்லையே அவள் கேள்விப்பட்டதில்லை போல இருந்தது.

அப்பா மெச்சினார். மகுடேஸ்வரன்கூட மெச்சினார். சாயங்காலம் கன்னையன் மட்டும் அவன் பக்கத்தில் வந்து நின்றார். "தம்பி, அந்தக் கீழ்த்தட்டுத் துணி... கத்தி வெக்கறப்ப சுருங்குச்சுங்க."

"ஆறுனது பத்தியிருக்காதுங்க."

"நல்லா ஆறீருந்துச்சு தம்பி. இது அந்தச் சுருக்கமில்லீங்க." தன் கையைப் பார்த்தார். "ஊசி போடப் போனாக் கொழந்த சுருங்குமில்லீங்க. அப்பிடி."

வெட்டிய பாகங்கள் டேபிள் ஓரத்தில் அடுக்கியிருந்தன. முன்பக்கம், முதுகு, கைகள். தரணீதரன் மேலே இருந்ததைத் தொட்டான். வெதுவெதுப்பாக இருந்தது. பக்கத்தில் அயர்ன் இருந்தது, அந்தச் சூடாக இருக்கலாம். அப்படித்தான் வைத்துக்கொண்டான்.

அடுத்த வாரம் கீழ்த்தட்டில் புதுத் துணி விழுந்தது. கருநீலம். சாயங்காலம் எட்டிப்பார்த்தபோது அதன் நடுவில் ஒரு பள்ளம் இருந்தது. யாரோ படுத்து எழுந்திருக்கிறார்கள். திட்டிக்கொண்டே உள்ளங்கையால் நீவிச் சமன் செய்தான். மறுநாள் காலையில் பள்ளம் மறுபடி இருந்தது, இன்னும் நீளமாக. அறைக்குப் பூட்டு போட்டான். சாவியைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். அதற்கடுத்த நாள் பூட்டைத் திறந்தபோது பள்ளத்துக்கு முழங்கால் வந்திருந்தது.

மடங்கிய முழங்கால்கள். வயிற்றோடு ஒட்ட இழுத்துக்கொண்டவை. வலது கை அடிவயிற்றில். நோய் வந்த நாளிலிருந்து அவன் அப்படித்தான் தூங்குகிறான். வேறு யாரும் அப்படித் தூங்கி அவன் பார்த்ததில்லை.

பள்ளத்தில் யாரும் இல்லை. ஆனால் அது காலியாகவும் இல்லை. கூப்பிட்டுவிட்டுக் காத்திருப்பவர்களின் அமைதி அதில் இருந்தது.

வெளியே வந்து கதவைச் சாத்தினான். செக்கிங் டேபிளிலிருந்து சித்ரகலா அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை மட்டும் நிற்காமல் துணியில் ஓடிக்கொண்டே இருந்தது.

கன்டெய்னர் வந்த நாள் வெயில் முன்வாசல் தகரக் கூரையைத் தட்டி நெளித்தது. பெட்டிகள் ஏறிக்கொண்டிருந்தன. அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் மகுடேஸ்வரன். இன்னும் கொஞ்ச நேரம்தான். காலையிலிருந்து தரணீதரனின் கால்கள் அவனுடையதாக இல்லை. இரண்டு ஈர மூட்டைகளை யாரோ இடுப்பில் கட்டித் தொங்கவிட்டதைப் போல, நடக்கும்போதெல்லாம் அவன் அவற்றைக் கெஞ்சி இழுத்துக்கொண்டு போனான், உதட்டில் மட்டும் சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டு. அப்போது பேக்கிங்கிலிருந்து சேதி வந்தது. கருநீலத்தில் கொஞ்சம் குறைகிறது. உடனே வெட்டித் தைக்க வேண்டும்.

"தம்பி, நீங்க வெட்ட வேண்டாம்னு வெச்ச கீழ்த்தட்டுத் துணி இப்பவாச்சும் ஆறீருச்சான்னு பாத்துட்டு வாறீங்களா? நா கத்தியத் தீட்டி வெக்கறேன்" என்றார் கன்னையன்.

வேறு யாரையாவது அனுப்பியிருக்கலாம். அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். போனான்.

பூட்டைத் திறந்து உள்ளே நுழைந்ததும் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. ஓவர்லாக் மிஷின்களின் இரைச்சல் தூரத்து மழையாகத் தேய்ந்தது. சாஃப்ட்னர் வாசனை. வெந்த பருத்தி. அட்டையின் ஓட்டை வழியே ஒரு கோடு வெளிச்சம், அதில் பஞ்சுத் தூசி இறங்காமல் ஏறாமல் நின்றது. பள்ளம் அப்படியே இருந்தது. இப்போது அதற்குக் காதுகூட இருந்தது.

நின்றே பார்த்துவிட்டுப் போய்விடலாம். குனிந்து தொட்டால் போதும்.

குனிந்தான்.

முழங்கால் விட்டது. தட்டின் விளிம்பைப் பிடித்தான். கை விட்டது. எழ வேண்டும். எழு. உடம்பு கேட்டுக்கொண்டது, அசையவில்லை. ஒன்றரை வருடத்துக்கும் மேலாகக் கேட்டுக் கேட்டு அதற்கும் சலித்துவிட்டது.

அஞ்சு நிமிசம், என்று யாரோ சொன்னார்கள். அவன்தான்.

சத்தமில்லாமல் படுத்தான். முழங்கால்கள் அதனதன் இடத்தில் விழுந்தன. கை வயிற்றில். காது காதில். துணி வெதுவெதுப்பாக வாங்கிக்கொண்டது. எங்கேயும் இழுப்பில்லை. ஐயோ, என்ன சுகம். அழுகை வந்தது. இவ்வளவுதானா. இதற்கா அவளைப் பார்த்துச் சிரித்தோம்.

தட்டு கிறீச்சிட்டது.

யாரோ எழுந்தார்கள்.

அவன் எழவில்லை.

செருப்புச் சத்தம். அவன் செருப்பு. சுறுசுறுப்பாக. கதவு திறந்தது. ஓவர்லாக் இரைச்சல் பெருகியது. மகுடேஸ்வரன் குரல்: "என்ன மாப்ள, அசந்துட்டீங்களோன்னு பாத்தேன்."

"எதுங்க மாமா?" என்றது அவன் குரல்.

சிரிப்பு. அப்பாவின் சிரிப்பு எல்லாவற்றுக்கும் மேலே. நாற்காலி தள்ளும் ஓசை. "எஞ்சாமி! நின்னுட்டான் பாரு! கம்பெனி உன்னுது கண்ணு!"

கத்த வேண்டும். வாய் எங்கே. விரல் எங்கே. மடிப்பு, மடிப்புக்குக் கீழே மடிப்பு. அவ்வளவுதான்.

"தம்பி, துணி எப்பிடிங்க?" கன்னையன்.

"நல்லா ஆறீருச்சுங்க மாஸ்டர். டேபிளுக்கு எடுத்துக்கங்க."

காலடிகள். இரண்டு கைகள் விளிம்பைப் பிடித்தன. கன்னையனின் கை மென்மையானது. ஒரு மடிப்புகூடக் கலையாமல் தூக்கினார். கூரை நகர்ந்தது. ட்யூப் லைட் நேர் மேலே வந்தது. டேபிளைச் சுற்றி முகங்கள். அப்பா. மாமா. சித்ரகலா, கை நிற்காமல். அவர்களுக்கு நடுவில் தரணீதரன், நிமிர்ந்து, சிரித்து, கொஞ்சமும் களைக்காமல்.

கட்டிங் மிஷின் கத்தி கிர்ர்ரென்று ஓடத் தொடங்கியது. சாக்பீஸ் கோட்டின் மேல் வந்து நின்றது.

அவனால் முடிந்தது ஒன்றுதான்.

சுருங்கினான்.