மாப்பிள்ளைத் தோழன்

"இஞ்சேர்... அவனைக் கொழும்புக்கு அனுப்பு. கலியாணம் முடிய வரட்டும்."

தேத்தண்ணிக் கோப்பையை நீட்டிய கையோடு குணலட்சுமி அப்படியே நின்றாள். ஞாயிற்றுக்கிழமை மகள் கோபிகாவுக்குக் கலியாணம். விடியற்காலையிலேயே பின்வளவில் பலகாரச் சூட்டுக்கு அடுப்பு மூட்டியாயிற்று. அயல் பெண்கள் பயற்றம் பணியாரத்துக்கு மாக் குழைக்கிறார்கள். இந்த நேரம் பார்த்து, பெற்ற மகன் யதுசனை வீட்டை விட்டு அனுப்பச் சொல்கிறார் புருஷன் தம்பிராசா!

"பொம்பிளையின்ரை தம்பியெல்லே தோழன்... வாசல்லை மாப்பிள்ளையின்ரை காலைக் கழுவிறது ஆர்?"

"என்ரை அக்கான்ரை மோன் டிலக்‌ஷன் நிப்பான். அக்கா எல்லாம் கதைச்சு முடிச்சிட்டா. யதுசன் நிக்கிறது மாப்பிள்ளை பகுதிக்கு விருப்பமில்லையாம். நீ சொல்லு, நீ சொன்னாத்தான் கேப்பான்."

இதுவும் வழக்கம்தான். அந்த வீட்டில் கசப்பு மருந்தெல்லாம் அவள் கையால்தான் பருக்க வேண்டும்.

போன கிழமைப் பத்திரிகையில் யதுசன் எழுதியிருந்தான். தான் ஆண்களை நேசிக்கிற ஆண் என்று ஒளிவு மறைவில்லாமல் எழுதியிருந்தான். யாழ்ப்பாணப் பட்டணத்தில் தன்னைப் போன்ற பிள்ளைகளைக் கூட்டிக் கதைப்பதையும், வீட்டால் துரத்தப்பட்ட ஒருவனுக்குத் தங்க இடம் தேடி அலைந்ததையும் எழுதியிருந்தான். அன்றிலிருந்து தகப்பன் மகனோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. "கள்ளப் பேரிலை எழுதக்கூடாதோ? தம்பிராசா யதுசன் எண்டு என்ரை பேரையும் எல்லே சேத்துப் போட்டிருக்கிறான்!" என்று மனைவியிடம்தான் பாய்ந்தார்.

குணலட்சுமிக்கு இது புதிதில்லை. பதினேழு வயதில் அவன் முதலில் அவளிடம்தான் சொன்னான். சாத்திரியார், நூல்கட்டு, டாக்குத்தர் என்று அவள் இழுத்த இடமெல்லாம் வந்தான். அவன் மாற வேண்டுமென்று கந்தசஷ்டி முழுக்க இளநீரோடு கிடந்தாள். விரதம் முடிக்கிற பாறணைக்கு அவளுக்குச் சமைத்துப் போட்டவனும் அவன்தான்! அதற்குப் பிறகு அவள் நேர்த்தி வைப்பதை விட்டுவிட்டாள். ஆனால் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. ஊர் வாயை மூட முடியாது, தன் வாயையாவது மூடிக்கொள்வோம் என்று இருந்துவிட்டாள்.

யதுசனின் அறைக்குள் போனவள் எடுத்த எடுப்பிலேயே சீறினாள். "கலியாணம் முடியுமட்டும் உனக்குப் பொறுக்கேலாதோ?"

"நான் தை மாசம் குடுத்தது அம்மா... அவை இப்பத்தான் போட்டிருக்கினம்."

ஆத்திரத்திலும் அவளுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அப்போதுதான் கட்டிலில் கிடந்த பையைக் கண்டாள். அவன் சேட்டுகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தான்.

"சிவகௌரி மாமி நேற்றே சொல்லிட்டா. நான் போறன் அம்மா. அக்கான்ரை கலியாணம் என்னாலை குழம்பக்கூடாது."

சண்டை பிடிப்பான் என்று நினைத்துக்கொண்டல்லவா வந்தாள்! அவனுடைய அந்தச் சம்மதத்தை அவளால் தாங்க முடியவில்லை.

"ஊருக்கெல்லாம் எழுதிறாய்... உனக்காக ஒரு வார்த்தை கதைக்கத் தெரியாதோ?"

"நீங்கள் கதைச்சனீங்களோ அம்மா?"

அவன் குரலை உயர்த்தவே இல்லை. ஆனாலும் அவளுக்குச் சுரீரென்றது. போனை எடுத்துக்கொண்டு பின்வளவுக்குப் போனாள்.

அடுப்படியில் தம்பிராசாவின் தமக்கை சிவகௌரி கரண்டியோடு இருந்தாள். குணலட்சுமியைக் கண்டதும் பெண்களின் கதை நின்றது.

"மச்சாள், யதுசன் வேண்டாமெண்டு மாப்பிள்ளை பகுதியிலை ஆர் சொன்னது? ஆளைச் சொல்லுங்கோ!"

"ஆரெண்டு... பொதுவாய்த்தான்..."

குணலட்சுமி பண்டத்தரிப்பிலிருக்கும் மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் எடுத்தாள். எல்லோருக்கும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டி வைத்தாள். மாப்பிள்ளையின் தாய்தான் எடுத்தாள்.

"சம்மந்தி, மறைக்காமல் சொல்லுங்கோ. யதுசன் தோழனாய் நிக்கக்கூடாதெண்டு சொன்னனீங்களோ?"

"ஐயோ, நாங்கள் எங்கை சொன்னனாங்கள்? ஆள் மாறுது எண்டு உங்கடை மச்சாள்தான் சொன்னவா. பொடியனுக்குச் சுகமில்லையாக்கும் எண்டெல்லே நினைச்சம்!" அந்தக் குரல் கொஞ்சம் தயங்கியது. "பேப்பர் பாத்தனாங்கள்தான்... இவருக்கு மனசுக்குப் பிடிக்கேல்லை. அதுக்காக? கூடப்பிறந்தவன் குத்துக்கல்லாட்டம் இருக்கேக்கை வேறை ஆரும் கால் கழுவினால் எங்கடை சனம் என்ன சொல்லும்?"

சிவகௌரியின் முகம் செத்துவிட்டது. "நான் நல்லதுக்குத்தான் மச்சாள்... அவை சொல்ல முந்தி நாங்களே..."

"கேக்காமலே என்ரை பிள்ளையை விலக்கினனீங்கள்! ஓம், அவன் அப்பிடித்தான். பிறந்ததே அப்பிடித்தான். இஞ்சை இருக்கிற எல்லாருக்கும் தெரியும். இனி ஒருத்தரும் குசுகுசுக்கத் தேவையில்லை!"

சட்டியில் பணியாரம் கருகியது. கிணற்றடியில் நின்ற தம்பிராசா வாளியைக் கீழே வைத்தார்.

அவள் திரும்பி வந்து பையிலிருந்த சேட்டுகளை இழுத்துக் கட்டிலில் எறிந்தாள். யதுசனுக்கும் எல்லாம் கேட்டிருந்தது.

"அவை எனக்காக ஓம் எண்டு சொல்லேல்லை அம்மா. வழக்கத்துக்காகச் சொல்லுகினம்."

"தெரியும்! அவைக்கு வழக்கம்தான் பெரிசு. நான் உனக்காகக் கேக்கிறன்... நில்லு ராசா! இவ்வளவு காலமும் வாயை மூடிக்கொண்டிருந்திட்டன்..."

அவன் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி விம்மினான்.

வாசலில் செருமல் கேட்டது. தம்பிராசா போனோடு நின்றார். அவர் கண் சுவரில் இருந்தது.

"மணவறைச் சோடனைக்காரன் எடுக்கிறான். தோழன்ரை தலைப்பாகைக்கு அளவு கேக்கிறான்."

குணலட்சுமி மகனை விடவில்லை. "ஆரின்ரை தலைக்கு எண்டு அவனுக்குச் சொல்லுங்கோ. வாயாலை சொல்லுங்கோ!"

"ஹலோ... ஐயா? இருக்கிறியளோ?" என்றது போன்.

தம்பிராசா போனை வாயருகே கொண்டுபோனார்.

"என்ரை மோன்ரை தலைக்கு," என்றார். "பொறும், அவனோடையே கதையும்."

போனை யதுசனிடம் நீட்டினார். குணலட்சுமி அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.