மூடி போட்ட படங்கள்

"ராத்திரி உங்க கால் ஏன் அப்படி ஜில்லுன்னு இருந்துச்சு?" என்று டீயை ஆற்றிக்கொண்டே மனைவி கேட்டபோது கண்ணாடிக்கடைக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். சாதாரணக் கேள்விதான். ஆனால் அவர் ராத்திரி கீழே இறங்கவே இல்லை. மொட்டைமாடிக் கூண்டில், டெலஸ்கோப்புக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் நாற்காலியிலேயே வாயைப் பிளந்து தூங்கிவிட்டு, விடிந்த பிறகு கழுத்து வலியோடு வந்திருந்தார்.

"கனவு கண்டிருப்ப."

"கனவுல யாராச்சும் போர்வையை இழுப்பாங்களா? ஆனா ஒண்ணுங்க, இப்பல்லாம் நேரத்தோட வந்து படுத்துடறீங்க. ராக்கோழி திருந்திடுச்சு."

சொல்லிவிட்டுச் சந்தோஷமாகச் சிரித்தாள். 'இப்பல்லாம்' என்ற அந்தச் சொல் நாள் முழுக்க அவரைக் கடையில் அரித்துக்கொண்டே இருந்தது. வாரக்கணக்காக அவர் கூண்டிலேயேதான் தூங்கிக்கொண்டிருந்தார். அவளோ காலை ஷிப்டுக்குப் போகிற நர்ஸ். படுத்தால் அடித்துப் போட்டமாதிரி தூங்குவாள். வீட்டில் இரண்டே பேர். அவளை விட்டால் அவருக்கு வேறு நாதி கிடையாது.

அன்று ராத்திரி கீழேயே படுத்திருக்கலாம். படுக்கவில்லை. வானம் மூடிக்கொண்டு காலை வாரிவிட்டது. ஆனால் அவருடைய நட்சத்திரப் பைத்தியத்தில் வானமே தேவைப்படாத வேலையும் ஒன்று உண்டு. டெலஸ்கோப்பின் வாயை மூடிவிட்டு இருட்டைப் படமெடுப்பது. டெலஸ்கோப்பில் மாட்டிய கேமரா தானாகக் கிளப்பும் புள்ளிகளை அந்தக் கறுப்புப் படங்கள் காட்டிக்கொடுக்கும். பிறகு நட்சத்திரப் படங்களிலிருந்து அவற்றைக் கழித்துவிடலாம். படம் ஒன்றுக்குப் பத்து நிமிஷம். வந்தவற்றைக் கம்ப்யூட்டர் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும். அசையாதது ஊசிமுனையாய்த் தெரியும், அசைந்தது கலங்கிப்போகும்.

போனைப் படுக்கையறையில் சார்ஜில் போட்டார். அவள் தூங்கியிருந்தாள். மாடிப்படி அடியில் இருக்கும் இரும்புக் கதவை வெறுமனே சாத்திவிட்டு ஏறினார். மூடியை அழுத்தி, அதன்மேல் கறுப்புத் துணியையும் இறுக்கிக் கட்டினார். மழைக்கு முந்தைய மண்வாசனையும், சூடேறிய ஒயரின் வாடையும், கூண்டுத் தகரம் காற்றில் லேசாக முனகும் சத்தமும், எங்கோ விட்டுவிட்டுக் குரைத்த நாயும், கேமராவின் சின்ன விசிறி விடாமல் இரைவதும் சேர்ந்து, அவரை நாற்காலியில் அப்படியே அமுக்கி உட்கார வைத்தன. இரண்டு மணி நேரம் போனது தெரியவில்லை. அடுக்கிய படம் திரையில் வந்தது.

கறுப்பாக இல்லை.

எங்கோ வெளிச்சம் கசிகிறது என்று அலுத்துக்கொண்டார். துணியைத் தடவிப் பார்த்தார், இம்மிகூட நெகிழவில்லை. படத்தின் வெளிச்சத்தைக் கூட்டினார். சாம்பல் நிறத்தில் ஒரு நீள்சதுரம். இன்னும் கூட்டினார். தலையணை. போர்வையின் மடிப்பு. மேலிருந்து பார்த்தது போல ஒரு கட்டில்.

டெலஸ்கோப் நிற்கும் சிமெண்டுத் தூணுக்கு நேர் கீழேதான் படுக்கையறை.

இடது பக்கம் அவள். மூச்சுவிட்டு, புரண்டு, புகைபோலக் கலங்கியிருந்தாள். பார்த்ததும் மனசு கொஞ்சம் நிலைகொண்டது. உயிருள்ள மனுஷி அப்படித்தான் கலங்குவாள். வலது பக்கம் அவருடைய இடம்.

அங்கே ஒருவன் மல்லாந்து படுத்திருந்தான்.

அவன் கலங்கவில்லை. இரண்டு மணி நேரமும் மூச்சுக்கூட விடாமல் கிடந்தவன்போல, புருவ முடிவரை ஊசிமுனையாய் இருந்தான். கண்கள் திறந்திருந்தன. நேராக மேலே பார்த்தன. இவரை.

முகம் அவருடையது.

நாற்காலி கவிழ்ந்தது. இறங்கினார். இரும்புக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினார். தோளால் மோதினார்.

உள்ளேயிருந்து தூக்கக் கலக்கத்தில் அவள் குரல். "ஏங்க, மாடிக் கதவை யாரோ தட்டறாங்க."

"காத்து. நீ தூங்கு."

அவருடைய குரல். அவளிடம் பேசும்போது அவரே எப்போதோ மறந்துபோயிருந்த கனிவோடு.

"அது நான் இல்ல! எழுந்திரு! வெளியே ஓடிடு!"

கட்டில் கிறீச்சிட்டது. பிறகு அவள், நடுங்கும் குரலில், கதவைப் பார்த்துச் சொன்னாள். "யாருங்க அது? அவர் இங்கதான் இருக்காரு."

கை கிழியும்வரை தட்டினார். குரல் கம்மும்வரை கத்தினார். அவள் பேர் சொல்லி அழுதார். மழை பிடித்துக்கொண்டது. தகரத்தில் விழுந்த சத்தத்தில் அவர் கத்துவது அவருக்கே கேட்கவில்லை. உள்ளே என்ன நடக்கிறதென்றும் தெரியவில்லை.

மேலே கேமரா தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவளைப் பார்க்க அது ஒன்றுதான் வழி. தவழ்ந்து ஏறினார். திரைக்கு முன் மண்டியிட்டார். காத்திருந்தார்.

அடுத்த படம் வந்தது.

இடது பக்கம் புகையைத் தேடினார். இல்லை.

அவளும் மல்லாந்திருந்தாள். கண்கள் திறந்து. போர்வை கழுத்துவரை. முடி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. கொஞ்சமும் கலங்காமல், ஊசிமுனையாய்.

கீழே தாழ்ப்பாள் விலகியது.

"ஏங்க," என்றாள் அவள், படிக்கட்டிலிருந்து. "வந்து படுங்க."

அவர் திரும்பவில்லை. திரையில் இருவரும் அசையாமல் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதல் படத்தில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தவர்கள் இதில் விலகியிருந்தார்கள். நடுவில் ஓர் ஆள் படுக்கும் அளவுக்கு இடம் இருந்தது.