இருபத்து நான்கு போன்கள்

அந்தப் படத்தை எடுத்தது ஊசிதான்.

அவள் அம்மா தையல் கடை வைத்திருந்தார். மகளோ ஒல்லி. அதனால் வகுப்பில் எல்லோரும் அவளை ஊசி என்றே கூப்பிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவளுடைய சுருட்டை முடித் தோழி சுருள் கடைக்கு வந்திருந்தாள். வெள்ளிக்கிழமை பள்ளி மேடையில் சுருள் ஒரு கதை வாசிக்க வேண்டும். நான்கு முறை வாசித்துப் பழகியவள், வெட்டுத்துணிக் குவியலில் சாய்ந்து அப்படியே தூங்கிவிட்டாள். வாய் ஆவென்று திறந்திருந்தது. கன்னத்தில் ஒரு பொத்தான் ஒட்டியிருந்தது.

ஊசிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அம்மாவின் போனில் படமெடுத்து வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டாள்.

பத்து நிமிடத்தில் பயம் வந்தது. அழிக்கப் போனாள். எல்லோருக்கும் நீக்கவா, உனக்கு மட்டும் நீக்கவா என்று போன் கேட்டது. அவசரத்தில் விரல் இரண்டாவதில் பட்டது. அவள் திரையில் படம் மறைந்தது. ஊசி நிம்மதியாகச் சாப்பிடப் போனாள்.

மற்ற இருபத்து நான்கு வீட்டுப் போன்களிலும் படம் பத்திரமாக இருந்தது.

மறுநாள் காலைக்குள், சேட்டையால் வால் என்று பெயர் வாங்கிய வகுப்புப் பையன் அதை ஸ்டிக்கராக்கிவிட்டான். கீழே ‘கடை மூடியாச்சு’ என்று எழுதியிருந்தான். குழுவில் யார் என்ன கேட்டாலும் அந்த ஸ்டிக்கர்தான் பதில்.

சுருள் வகுப்புக்குள் நுழைந்ததும், “கடை திறந்தாச்சா?” என்றான் வால். வகுப்பே சிரித்தது.

அதன் பிறகு சுருள் பேசும்போது கையால் வாயை மூடிக்கொண்டாள். சாப்பிடும்போதும் மூடிக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை, “நான் வாசிக்கலை டீச்சர்,” என்றாள். கைக்குள்ளிருந்து வந்ததால் டீச்சருக்கு அது இரண்டாவது முறைதான் கேட்டது.

ஊசியின் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

அன்று மாலை தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு அம்மா கேட்டார். “என்னடி, நூல் தீர்ந்த மாதிரி உட்கார்ந்திருக்கே?”

ஊசி எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா இயந்திரத்தை மறுபடி ஓட்டவில்லை.

“குரூப்ல நான் எழுதிப் போடட்டுமா?”

“போட்டா எல்லாரும் கட்டைவிரல் காட்டுவாங்கம்மா. யாரும் அழிக்க மாட்டாங்க. நான் நேர்ல போறேன்.”

“இருபத்து நாலு வீட்டுக்குமா?”

“ஆமா.”

அளவு எழுதும் நோட்டிலிருந்து அம்மா ஒரு பெரிய தாளைக் கிழித்துக் கொடுத்தார். “இருட்டுறதுக்குள்ள வந்துடணும்.”

அதில் பெயர்களை வரிசையாக எழுதிக்கொண்டு ஒவ்வொரு வீடாக ஊசி ஏறி இறங்கினாள். அழித்தவர்கள் தாளில் கையெழுத்துப் போட்டார்கள்.

வகுப்புத் தோழி ஒருத்தியின் அப்பா மெக்கானிக். காருக்கு அடியிலிருந்து அவர் கால்கள் மட்டும் தெரிந்தன.

“மாமா, உங்க போன்ல ஒரு ஸ்டிக்கரை அழிக்கணும்.”

“எது, கடை மூடியாச்சா? அட, அது நல்லா உதவுதும்மா! இப்பதான் ஒருத்தர் வண்டி ரெடியான்னு கேட்டாரு. அதைத்தான் அனுப்பினேன்.”

“அது எங்க வகுப்புப் பொண்ணு மாமா. இப்ப அவ வாயைத் திறக்கிறதே இல்லை.”

கால்கள் அசையாமல் இருந்தன. பிறகு முழு மாமாவும் வெளியே வந்தார். படத்தை உற்றுப் பார்த்து அவரே அழித்தார். கிரீஸ் விரலால் தாளில் கையெழுத்துப் போட்டார்.

“அந்த ஆளு சனிக்கிழமை காலையில வண்டி எடுக்க வருவாரு. அவர்கிட்டயும் கேளு,” என்றார்.

ஊசி தாளின் அடியில் புதிதாக ஒரு வரி சேர்த்தாள்.

புதன்கிழமை வாலின் வீட்டுக்குப் போனாள்.

“அழிக்கணுமா? ஆளைப் பாரு! நீதானே படம் எடுத்தே?”

“ஆமா. நான்தான்.”

வால் அதை எதிர்பார்க்கவில்லை. கதவைச் சாத்தினான். ஊசி படியில் உட்கார்ந்தாள்.

கதவு திறந்தது. “இன்னும் போகலையா?”

“இல்லை.”

மூடிக்கொண்டது. மறுபடி திறந்தது. “தண்ணி வேணுமா?”

“வேண்டாம்.”

மூன்றாவது முறை வால் வெளியே வந்து ஒரு படி தள்ளி உட்கார்ந்தான். தெருவில் ஒரு வண்டி போனது. இன்னொன்று போனது.

“நான் ஒன்பது ஸ்டிக்கர் பண்ணியிருக்கேன். இதுக்கு மட்டும்தான் எல்லாரும் சிரிச்சாங்க,” என்றான் வால்.

“அவ சிரிக்கலை.”

வால் போனை எடுத்தான். கொஞ்ச நேரம் அதையே பார்த்தான். பிறகு அழித்தான். “இன்னும் எத்தனை?”

“பத்து.”

“என் சைக்கிள்ல ஏறு. நடந்தா நாளைக்குள்ள முடியாது.”

வியாழக்கிழமை மாலை சுருள் தன் வீட்டுக் கதவைப் பாதி திறந்தாள். கை வாயில் இருந்தது. வால் சைக்கிளுக்குப் பின்னால் குனிந்துகொண்டான்.

ஊசி யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோனது. “நான் எடுத்தது தப்பு. அனுப்பினது அதைவிடத் தப்பு,” என்று தாளை நீட்டினாள்.

பெரிய தாள். எட்டாக மடித்தது. அதை விரிக்கச் சுருளுக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது.

ஒவ்வொரு பெயராக அவள் படித்தாள். ஊசி காத்திருந்தாள்.

“இது என்ன கறை?”

“மெக்கானிக் மாமா கையெழுத்து. கடை மூடியாச்சுன்னு சொல்ல அவர் உன்னைத்தான் அனுப்பியிருக்காரு.”

“என்னது! நான் என்ன அவர் கடை போர்டா?”

கேட்டுவிட்டுச் சுருளே சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். “எனக்கு இன்னும் கோபம் போகலை.”

“தெரியும்.”

“இன்னும் மூணு பேர் கையெழுத்துப் போடலையே?”

“ரெண்டு வீடு பூட்டியிருக்கு. சனிக்கிழமைதான் வருவாங்களாம். அப்புறம் மாமாகிட்ட வண்டி விட்டவரு.”

சுருள் உள்ளே போய் அவள் அம்மாவின் போனை எடுத்து வந்தாள். படத்தை அழித்தாள். தாளில் தன் பெயரைத் தானே எழுதினாள். பிறகு வாசலை எட்டிப் பார்த்து, “டேய் வால், சைக்கிளுக்குப் பின்னால உன் தலை தெரியுது,” என்றாள்.

வெள்ளிக்கிழமை மேடை ஏறினாள் சுருள். கூட்டத்தில் யாரோ, “கடை...” என்று ஆரம்பித்தார்கள். வால் எழுந்து நின்று திரும்பிப் பார்த்தான். அந்தச் சொல் பாதியிலேயே நின்றது. சுருள் இரண்டு கைகளாலும் புத்தகத்தைப் பிடித்துக் கடைசிப் பக்கம் வரை வாசித்தாள்.

சனிக்கிழமை காலை மெக்கானிக் கடை வாசலில் மூன்று பேர் நின்றார்கள். தூரத்தில் ஒருவர் வண்டி எடுக்க வந்துகொண்டிருந்தார்.

“நீங்க சும்மா இருங்க. இவர்கிட்ட நானே பேசுறேன்,” என்று தாளை வாங்கிக்கொண்டாள் சுருள்.